மலைக்கு எந்த வழி?

கேமரன் மலையில் விமான நிலையம் இல்லை. தொடர்வண்டிப் பாதையும் இல்லை. கோலாலம்பூரிலிருந்து புறப்பட்டாலும் கோத்தா பாருவிலிருந்து புறப்பட்டாலும், பயணத்தின் கடைசிக் கட்டத்தைச் சாலை வழியாகத்தான் கடக்க வேண்டும். எந்தச் சாலை, எந்த வண்டி, எந்த நாள், எந்த நேரம் என்னும் நான்கு கேள்விகளுக்கு விடை கண்ட பிறகே பயணப்பையைத் திறப்பது நல்லது. பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள். முதலில் தங்கும் விடுதியைப் பதிவு செய்கிறார்கள். பிறகு குளிராடைகளை அடுக்குகிறார்கள். வண்டியில் ஏறி அமர்ந்த பின்னரே திறன்பேசியில் வழியைத் தேடுகிறார்கள்.

சுற்றுப்பயணிக்கு அந்தச் சாலை ஒரு நாள் வழி. மலையில் வாழ்பவர்களுக்கோ அது அன்றாட வாழ்க்கை. தேயிலையும் காய்கறியும் பூக்களும் அதன் வழியாகத்தான் கீழே இறங்குகின்றன. அரிசியும் எரிவாயுவும் உரமும் அதன் வழியாகத்தான் மேலே ஏறுகின்றன. தோட்டத்துப் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்வதும், நோயாளியை ஏற்றிய அவசர வண்டி மருத்துவமனைக்கு விரைவதும் அதே சாலையில்தான்.

மூன்று வாசல்கள்

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இந்த மலைப்பகுதியை ஆராய்ந்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. ஆனால், அதன் பிறகு நாற்பது ஆண்டுகள் இப்பகுதி பெரும்பாலும் காடாகவே கிடந்தது. வண்டி செல்லும் வழி இல்லாததே அதற்குக் காரணம். 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இங்கு வந்து பார்த்த பின்னர், மலை வாழிடம் ஒன்றை உருவாக்கும் திட்டம் உயிர் பெற்றது. தாப்பாவிலிருந்து சாலை வெட்டும் பணி 1926இல் தொடங்கி 1931இல் நிறைவடைந்தது.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஜே. ஏ. ரசல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய ஆண்டு 1929. அதாவது, சாலை முடிவதற்கு முன்பே தேயிலை மலையேறிவிட்டது. ஒரு நீராவி உருளைப் பொறி, சில கோவேறு கழுதைகள், தொழிலாளர்களின் உழைப்பு ஆகியவற்றைக் கொண்டு அந்தச் சரிவுகள் திருத்தப்பட்டதாக அத்தோட்டத்தின் வரலாறு கூறுகிறது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்கள் அந்தத் தோட்டங்களில் கொழுந்து பறித்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் இன்றும் ரிங்லெட், ஆபு, தானா ராத்தா, கம்போங் ராஜா ஆகிய இடங்களில் வாழ்கிறார்கள்.

தாப்பா சாலைதான் முதல் வாசல். தாப்பாவிலிருந்து ரிங்லெட் வரை ஏறத்தாழ 45 கிலோமீட்டர். அங்கிருந்து தானா ராத்தாவுக்கு மேலும் 13 கிலோமீட்டர். எண்ணிப் பார்த்தால் இது பெரிய தூரமன்று. ஆனால், நெடுஞ்சாலையில் 60 கிலோமீட்டரைக் கடக்க எடுக்கும் நேரத்தை இங்கே கணக்கிடக்கூடாது. சாலை குறுகியது, வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். முன்னால் ஒரு கனவுந்து ஏறிக்கொண்டிருந்தால் அதன் வேகமே பின்னால் வரும் அனைவரின் வேகமும் ஆகும். வழியில் லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சி இருக்கிறது. அங்கே சற்று இறங்கிக் கால் நீட்டி, பூர்வகுடி மக்கள் விற்கும் பெத்தாயும் காட்டுத்தேனும் வாங்கலாம். பயணத்தில் தலைசுற்றும் பிள்ளைகளுக்கு அந்த அரைமணி நேர ஓய்வு மருந்தைவிடப் பயன் தரும்.

இரண்டாவது வாசல் சிம்பாங் பூலாய். இது ஈப்போவுக்குத் தெற்கே, வடக்கு தெற்கு நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து கம்போங் ராஜாவை அடையும் சாலை. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இது போக்குவரத்துக்குப் பயன்படத் தொடங்கியது. அகலமானது, வளைவுகளும் தாப்பா சாலையைவிடக் குறைவு. அதனால் பினாங்கு, கெடா, ஈப்போ ஆகிய இடங்களிலிருந்து வருவோர் இதையே விரும்புகிறார்கள். கிளந்தானிலிருந்து வருவோரும் குவா மூசாங், லோஜிங் வழியாக வந்து இதே சாலையைத்தான் அடைகிறார்கள். ஆனால், அகலமான சாலை எல்லா நேரத்திலும் பாதுகாப்பான சாலை ஆகிவிடாது. மலையை உயரமாக வெட்டி அமைத்த சாலை இது. கனமழைக் காலத்தில், பேராக் பகாங் எல்லையை ஒட்டிய குனோங் பாஸ் பகுதியில் மண் சரிந்து வழி தடைபட்ட செய்திகள் பலமுறை வந்துள்ளன. உச்சிப் பகுதியில் மூடுபனி இறங்கினால் முன்னால் செல்லும் வண்டியின் பின்விளக்குகூடத் தெரியாது.

மூன்றாவது வாசலைப் பலர் அறிந்திருக்கவில்லை. ரிங்லெட்டிலிருந்து லெம்பா பெர்த்தாம் வழியாகக் கீழிறங்கி, பூர்வகுடி மக்களின் கிராமங்களைக் கடந்து சுங்கை கோயானை அடையும் சாலை அது. கோலா லிப்பிஸ், ரவுப், குவாந்தான் பக்கமிருந்து வருவோர் பேராக் மாநிலத்தைச் சுற்றாமல் பகாங் வழியாகவே மலையேற இது உதவுகிறது. இதில் வண்டிகள் குறைவு. அந்த அமைதியே இதன் அழகு. அதுவே இதன் குறையும்கூட. நடுவழியில் சக்கரம் பழுதடைந்தால் உதவிக்கு ஆள் வரச் சற்று நேரமாகும். திறன்பேசிக்கு எல்லா இடத்திலும் அலைத்தொடர்பு கிடைக்கும் என்று சொல்ல முடியாது. எண்ணெயைக் கீழேயே நிரப்பிக்கொண்டு, பகல் வெளிச்சம் இருக்கும்போதே இதில் பயணம் செய்வது அறிவுடைமை.

வரைபடம் சொல்லாத கணக்கு

'கேமரன் மலை' என்று ஒரே பெயரால் சொன்னாலும் அது ஓர் ஊர் அன்று. தெற்கே ரிங்லெட்டும் லெம்பா பெர்த்தாமும். அடுத்து ஆபு, தானா ராத்தா, பிரிஞ்சாங், கீ பார்ம், திரிங்காப், கோலா தெர்லா. வடக்கே கம்போங் ராஜா. மாலையில் கோத்த மணிகளைப்போல ஒரே சாலையில் இந்த ஊர்கள் வரிசையாக அமைந்துள்ளன. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். எனவே, 'மலைக்கு எந்த வழி நல்லது?' என்னும் கேள்வி அரைகுறையானது. 'மலையில் எந்த ஊருக்கு?' என்று முதலில் கேட்க வேண்டும்.

கிள்ளானில் வாழும் ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள பாட்டி என ஐவர். ஆண்டிறுதி விடுமுறையில் லெம்பா பெர்த்தாமில் இருக்கும் அத்தை வீட்டுக்குச் செல்ல வேண்டும். இவர்கள் முன்னால் இருக்கும் வாய்ப்புகள் என்னென்ன?

மகளுக்குத் தொடர்வண்டிமீது ஆசை. மின்தொடர்வண்டிகளில் சில தாப்பா ரோட் நிலையத்தில் நிற்கும். கோலாலம்பூரிலிருந்து நெரிசலில் சிக்காமல், கால் நீட்டி அமர்ந்து செல்லலாம். ஆனால், அந்த நிலையம் தாப்பா நகரத்துக்குள் இல்லை. சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நிலையத்திலிருந்து நகரத்துக்கு ஒரு வாடகை வண்டி, நகரத்திலிருந்து மலைக்கு ஒரு பேருந்து, ரிங்லெட்டிலிருந்து அத்தை வீட்டுக்கு இன்னொரு வண்டி என்று மூன்று முறை பெட்டி படுக்கைகளைத் தூக்கி இறக்க வேண்டும். இளைஞர் இருவருக்கு இது இனிய பயணம். முழங்கால் வலியுள்ள பாட்டிக்கு அன்று.

தாய்க்கு விரைவுப் பேருந்தே சரியெனப் பட்டது. பண்டார் தாசேக் செலாத்தானில் உள்ள ஒருங்கிணைந்த முனையத்திலிருந்து தானா ராத்தாவுக்கு நேரடிப் பேருந்துகள் உண்டு. நான்கு முதல் ஐந்து மணி நேரப் பயணம். வளைவுகளில் ஓட்டிப் பழகிய ஓட்டுநர் ஓட்டுவார். தந்தைக்கும் ஓய்வு கிடைக்கும். மலைச்சாலையில் ஒரு பேருந்து ஏறினால் பத்துக்கும் மேற்பட்ட மகிழுந்துகள் ஏற வேண்டியதில்லை என்பதும் உண்மை. ஆனால், லெம்பா பெர்த்தாமுக்குச் செல்வோர் தானா ராத்தா வரை போய்த் திரும்பி வரக்கூடாது. பேருந்து தாப்பா வழியாகச் செல்கிறதா, ரிங்லெட்டில் இறக்கிவிடுவார்களா என்று சீட்டு வாங்கும்போதே கேட்டுத் தெளிய வேண்டும்.

தந்தை சொந்த மகிழுந்தில் செல்லவே விரும்பினார். வழியில் நினைத்த இடத்தில் நிறுத்தலாம். பாட்டிக்குத் தலையணை வைத்துக்கொள்ளலாம். ஐவருக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் செலவும் அதிகமாகாது. அவருடைய திறன்பேசிச் செயலி, தாப்பா வழியில் ஏதோ தடை இருப்பதால் சிம்பாங் பூலாய் வழியாகச் செல்லுமாறு ஒருமுறை காட்டியது. அத்தையிடம் கேட்டபோது, அவர் சிரித்துவிட்டார்.

"அந்த வழியா வந்தா கம்போங் ராஜாவுல ஏறி, கீ பார்ம், பிரிஞ்சாங், தானா ராத்தா எல்லாத்தையும் தாண்டித்தான் எங்க வீட்டுக்கு வரணும் அண்ணே! விடுமுறை நாள்ல அந்த வழியில நகரவே முடியாது. தாப்பா வழியாவே வாங்க. சனிக்கிழமை வேணாம், வியாழக்கிழமை விடியற்காலையில கிளம்புங்க. மத்தியானத்துக்கு மேல மழை பிடிச்சிக்கும்."

உள்ளூர்க்காரரின் இந்தச் சில வாக்கியங்கள் பெரும்பாலும் செயலியைவிட மேலானவை. செயலிக்குத் தூரமும் அந்நேர நெரிசலும் தெரியும். மூன்று மணி நேரத்துக்குப் பின்னர் மழை வருமா, சந்தை நாளில் சாலையோரம் எப்படி இருக்கும், எந்த முனையில் கனவுந்துகள் திரும்பும் என்பனவெல்லாம் அங்கே வாழ்பவருக்குத்தான் தெரியும். குடும்பம் வியாழக்கிழமை காலை ஐந்து மணிக்குப் புறப்பட முடிவு செய்தது. மகிழுந்தை அத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு, மலையைச் சுற்றிப் பார்க்க உள்ளூர் வேன் ஒன்றை அமர்த்திக்கொள்வது என்பதும் அந்த முடிவின் ஒரு பகுதி. தொடர்வண்டி ஆசைப்பட்ட மகளுக்கு மட்டும் சிறிது வருத்தம்.

ஏறுவது ஒரு கலை, இறங்குவது வேறு

2010 டிசம்பர் 20ஆம் நாள், கேமரன் மலைக்கு வந்து திரும்பிக்கொண்டிருந்த இரண்டடுக்குச் சுற்றுலாப் பேருந்து ஒன்று சிம்பாங் பூலாய்ச் சாலையில் விபத்துக்குள்ளானது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தாய்லாந்திலிருந்து வந்த பயணிகள். மூன்று ஆண்டுகள் கழித்து, 2013 ஆகஸ்டு 21ஆம் நாள், கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து 37 பேர் மாண்டனர். இரண்டுமே இறக்கத்தில் நிகழ்ந்தவை என்பதை மறக்கக்கூடாது.

ஏறும்போது வண்டி திணறுவதால் ஓட்டுநர் தாமாகவே எச்சரிக்கையாக இருப்பார். இறங்கும்போது வண்டி தானே ஓடும், கவனம் தளரும். சுற்றிப் பார்த்த களைப்பும் வீடு திரும்பும் அவசரமும் சேர்ந்துகொள்ளும். நீண்ட இறக்கத்தில் நிறுத்துவிசையை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் அதன் தகடுகள் உராய்வினால் சூடேறும். சூடு அளவு மீறினால் பிடிப்பு குறையும். அப்போது மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது. கருகிய நாற்றம் வருவது இதன் முதல் அறிகுறி. இதனைத் தவிர்க்க, இறக்கத்தில் கியரைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இயந்திரமே வண்டியின் வேகத்தைப் பிடித்துவைக்கும். நிறுத்துவிசைக்கு இடையிடையே ஓய்வு கிடைக்கும். தானியங்கிக் கியர் உள்ள மகிழுந்திலும் தாழ்கியரைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. சமவெளியில் அது தேவைப்படாததால் பலர் அதைத் தொட்டதே இல்லை.

பேருந்தில் செல்பவர்களும் வெறும் பார்வையாளர்கள் அல்லர். இருக்கைப் பட்டை இருந்தால் அணிய வேண்டும். ஓட்டுநர் அளவு மீறிய வேகத்தில் ஓட்டினால், பணிவாகவும் உறுதியாகவும் சொல்ல வேண்டும். 'நமக்கேன் வம்பு' என்று வாய்மூடி இருப்பது மலைச்சாலையில் பொருந்தாத நாகரிகம்.

மலைமேல் வந்த பிறகு

மலையை அடைந்ததும் பயணச் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று எண்ணுவோர் உண்டு. உண்மையில் பாதிச் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பள்ளி விடுமுறையிலும் நீண்ட வார இறுதியிலும் பிரிஞ்சாங்குக்கும் கீ பார்முக்கும் இடையே வண்டிகள் ஊர்ந்துதான் செல்ல முடியும். நடந்து சென்றால் விரைவில் கடக்கக்கூடிய தூரத்துக்கு மகிழுந்தில் ஒரு மணி நேரம் ஆவதும் உண்டு. ஸ்ட்ராபெரி வாங்க ஒருவர் சாலையோரத்தில் வண்டியை நிறுத்துகிறார். அவரைச் சுற்றிச் செல்ல அடுத்தவர் எதிர்த்தடத்தில் இறங்குகிறார். எதிரே வந்த கனவுந்து நின்றுவிடுகிறது. ஒரு பொட்டலம் பழத்துக்காக ஊரே நிற்கிறது.

இந்த நெரிசலில் சுற்றுப்பயணி இழப்பது பொழுதை மட்டுமே. கேமரன் மலை மாவட்டத்துக்கு மருத்துவமனை ஒன்றுதான் உள்ளது. தானா ராத்தாவில் இருக்கும் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை. கம்போங் ராஜாவில் பிரசவ வலி எடுத்த பெண்ணும், புளூ வேலித் தோட்டத்தில் மயங்கி விழுந்த முதியவரும் அங்கே போய்ச் சேர வேண்டுமானால் கீ பார்மையும் பிரிஞ்சாங்கையும் கடந்தே ஆக வேண்டும். மாற்றுவழி கிடையாது. காய்கறிக்கும் இதே நிலைதான். காலையில் அறுத்த கீரை அன்றிரவே மொத்த விற்பனைச் சந்தைக்குப் புறப்பட வேண்டும். பறித்த கொழுந்தும் காத்திருக்காது. பறித்த கணத்திலிருந்தே வாடத் தொடங்கும் இலை, அதே நாளில் ஆலைக்குள் சேர்ந்தால்தான் நல்ல தூளாகும்.

தேயிலைத் தோட்டங்களுக்குச் செல்லும் கிளைச்சாலைகள் இன்னும் குறுகியவை. சுங்கை பாலாஸ் தோட்டத்துக்குச் செல்லும் வழியில் இரண்டு மகிழுந்துகள் எதிரெதிரே வந்தால், ஒன்று ஒதுங்கி நின்று மற்றதற்கு வழிவிட வேண்டும். பெரிய பேருந்துக்கு அது ஏற்ற வழியன்று. காலை எட்டு, ஒன்பது மணிக்குள் சென்றுவிட்டால் சாலையும் அமைதியாக இருக்கும். பனி விலகும் காட்சியும் கிடைக்கும். அங்கே நிழற்படம் எடுப்பதற்காக வளைவில் வண்டியை நிறுத்துவோரைப் பார்த்தால் தோட்டத்து ஓட்டுநர்கள் என்ன நினைப்பார்கள் என்பதை எழுதாமல் விடுவதே நலம்.

உள்ளூர்ப் பேருந்துகள் அடிக்கடி ஓடுவதில்லை. மின்னழைப்பு வண்டிகளும் நகரத்தில் கிடைப்பதுபோல் உடனே கிடைப்பதில்லை. எனவே, சொந்த வண்டி இல்லாதவர்கள் வேன் அல்லது ஜீப்பில் அழைத்துச் செல்லும் உள்ளூர் வழிகாட்டிகளை நாடுகிறார்கள். பழைய லேண்ட் ரோவர் வண்டிகள் இம்மலையின் அடையாளங்களுள் ஒன்று. காய்கறித் தோட்டங்களின் சேற்றுப் பாதையில் முட்டைக்கோசு மூட்டைகளைச் சுமந்தபடி இன்றும் அவை ஏறி இறங்குகின்றன.

நடப்பதற்கும் இங்கே நல்ல வழிகள் உண்டு. தானா ராத்தாவையும் பிரிஞ்சாங்கையும் சுற்றியுள்ள காட்டுப்பாதைகளுக்கு எண்கள் இட்டிருக்கிறார்கள். பாரிட் நீர்வீழ்ச்சிக்குச் செல்லும் நான்காம் எண் பாதை எளியது. மற்றவற்றுள் சில, மழைக்குப் பின் வழுக்கும். சில, புதர் மண்டித் தெரியாமல் போகும். 1967 மார்ச் 26ஆம் நாள், தாய்லாந்துப் பட்டு வணிகத்தால் உலகப்புகழ் பெற்ற ஜிம் தாம்சன் என்னும் அமெரிக்கர், தாம் தங்கியிருந்த 'மூன்லைட்' மாளிகையிலிருந்து பிற்பகலில் உலாவச் சென்றார். திரும்பவே இல்லை. காவல் துறையினர், படைவீரர், பூர்வகுடி வழித்தேடுநர் எனப் பலரும் நாள்கணக்கில் தேடியும் தடயம் கிடைக்கவில்லை. அவருக்கு என்ன நேர்ந்தது என்பது இன்றும் விடை தெரியாத புதிர். காட்டுக்குள் நடக்க விரும்புவோர் தனியே செல்லக்கூடாது. எந்தப் பாதையில் செல்கிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை விடுதியில் சொல்லிவிட்டுச் செல்ல வேண்டும்.

மழையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். லெம்பா பெர்த்தாம், ரிங்லெட்டில் உள்ள சுல்தான் அபு பக்கார் நீரணைக்குக் கீழே அமைந்த பள்ளத்தாக்கு. 2013 அக்டோபர் 23ஆம் நாள் அதிகாலை, தொடர்மழையால் அணை நிரம்பி நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் ஆறு பெருக்கெடுத்தது. வீடுகளும் வண்டிகளும் அடித்துச் செல்லப்பட்டன, உயிர்களும் பறிபோயின. அடுத்த ஆண்டு நவம்பரிலும் சேற்று வெள்ளம் இப்பகுதியைத் தாக்கியது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் மலைக்குப் போவோர் வானிலை அறிக்கையைப் பார்த்த பின்னரே நாளைக் குறிக்க வேண்டும். ஆற்றோரம் கூடாரம் அடித்துத் தங்குவது அந்தப் பருவத்தில் ஆபத்தானது. எச்சரிக்கை ஒலி கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அந்த ஊர் மக்களிடம் முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

மற்ற மலைகள் என்ன செய்கின்றன?

குறுகிய சாலையும் கூடும் கூட்டமும் கேமரன் மலைக்கு மட்டும் உரிய தொல்லை அன்று. இதே பகாங்கில் உள்ள பிரேசர் மலையில், பல்லாண்டுகளாக ஒரே குறுகிய சாலைதான் இருந்தது. அடிவாரத்தில் ஒரு வாயிற்கதவு வைத்து, ஒரு மணி நேரம் ஏறும் வண்டிகளுக்கும் அடுத்த மணி நேரம் இறங்கும் வண்டிகளுக்கும் வழிவிட்டார்கள். வந்தவர்கள் காத்திருந்தார்கள்; யாரும் எதிரெதிரே மோதிக்கொள்ளவில்லை.

தமிழ்நாட்டின் நீலகிரியில் உதகை, குன்னூர் ஆகிய இடங்களுக்குத் தொடர்வண்டி இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர் தூரத்தைப் பற்சக்கர உதவியோடு ஏறும் அந்த மலைத் தொடர்வண்டி 1908இல் உதகையை எட்டியது. 2005இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. ஆயினும், கோடை விடுமுறையில் வந்து குவியும் வண்டிகளின் நெரிசலை அந்தத் தொடர்வண்டியால் தாங்க முடியவில்லை. சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி, 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகள் இணையத்தில் அனுமதிச்சீட்டு பெற வேண்டியதாயிற்று. மறு ஆண்டுக் கோடையில், நீலகிரிக்கு வார நாள்களில் நாளொன்றுக்கு 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. உள்ளூர் வண்டிகளுக்கு அந்த வரம்பு இல்லை. கடை வைத்திருப்போர் வியாபாரம் குறையும் என்று எதிர்த்தனர். அவர்கள் கவலையையும் ஒதுக்கித் தள்ள முடியாது. ஆனால், மலை தாங்கும் அளவு என ஒன்று உண்டு என்பதை முதன்முறையாக எண்ணில் எழுதியது அந்த ஆணை.

ஐரோப்பாவுக்கு விடுமுறைக்குச் செல்வோர் சுவிட்சர்லாந்தின் செர்மாட் மலையூரில் வேறொரு காட்சியைக் காணலாம். அங்கே எண்ணெயில் ஓடும் மகிழுந்துகளுக்கு இடமில்லை. வருவோர் ஐந்து கிலோமீட்டருக்கு முன்னால் உள்ள தேஷ் என்னும் ஊரில் வண்டியை நிறுத்திவிட்டு, பன்னிரண்டு நிமிடத் தொடர்வண்டிப் பயணத்தில் செர்மாட்டை அடைகிறார்கள். ஊருக்குள் சிறிய மின்வண்டிகள் மட்டுமே ஓடுகின்றன. உலகின் செல்வந்தர்கள்கூட அங்கே பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கிறார்கள்.

கேமரன் மலையில் இத்தகைய தொடர்வண்டியும் இல்லை. நீலகிரியைப்போல் நாளொன்றுக்கு இத்தனை வண்டிகள் என்னும் வரம்பும் இல்லை. யார் எப்போது எதில் ஏறுவது என்பது வருபவர் கையிலேயே விடப்பட்டிருக்கிறது. கிள்ளான் குடும்பத்தைப்போல் வண்டியை ஓரிடத்தில் விட்டுவிட்டு உள்ளூர் வேனில் சுற்றுவது, தேஷ் ஊரில் நடப்பதன் சிறிய வடிவம். ஞாயிறு பிற்பகலில் ஆயிரம் வண்டிகளோடு சேர்ந்து இறங்காமல், இன்னும் ஓர் இரவு தங்கித் திங்கள் காலையில் இறங்கலாம். முதல் நாள் மாலையே புறப்பட்ட காய்கறிக் கனவுந்துகள் அதற்குள் சந்தையை அடைந்திருக்கும். ரிங்லெட்டிலிருந்து லாத்தா இஸ்கண்டார் வரை தாழ்கியரில், பின்னால் யாரும் ஒலி எழுப்பி விரட்டாமல், நிதானமாக இறங்க முடியும்.